போல்ட்டின் கார்பன் கணக்கை ஐரோப்பா கேட்கிறது; அம்பத்தூரிலிருந்து என்ன பதில் எழுதுவது?

கேள்வி: அம்பத்தூர் பட்டறைக்காரர்

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என் தந்தையார் தொடங்கிய போல்ட், நட் பட்டறையை இருபது ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். முப்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். வயர் ராடு எனப்படும் எஃகுக் கம்பிச் சுருள் வாங்கி, இழுத்து, குளிர்நிலையில் தலை அடித்து, மரை உருட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் செய்து அனுப்புகிறோம். உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஐரோப்பாவில் உள்ள ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது. அவர் சென்ற மாதம் பல பக்கங்கள் கொண்ட ஓர் எக்செல் படிவத்தை அனுப்பி, ஒரு டன் போல்ட் செய்ய எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்று நிரப்பித் தரும்படி கேட்டிருக்கிறார். நாங்கள் எண் தராவிட்டால் ஐரோப்பிய ஒன்றியம் தானாக நிர்ணயித்த மதிப்பை வைத்தே தாம் கணக்குக் காட்ட நேரிடும் என்றும், அது எங்களுக்கு நல்லதாக இருக்காது என்றும் பணிவாகவே எழுதியிருக்கிறார்.

இதைக் கேள்விப்பட்டு வந்த ஓர் ஆலோசகர், கூரை முழுக்கச் சூரியத் தகடு போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று சொல்லி முன்பணமும் வாங்கிக்கொண்டு போனார். அவர் சொன்னது சரிதானா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி நியாயம் பற்றியது. பருவநிலை மாற்றம் பொய் என்று வாதிடும் ஆள் நானில்லை. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் என் பட்டறைக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது. இரண்டாவது முறை மோட்டார்களை மேலே தூக்கி வைக்கும் அளவுக்குத்தான் அனுபவம் கைகொடுத்தது. ஆனால் ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக வெளியிடுவது 2 டன் அளவு கார்பன் டை ஆக்சைடு. ஓர் அமெரிக்கர் வெளியிடுவது அதைப்போல ஏழு மடங்கு. 2012ஆம் ஆண்டு வாக்கில் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் டீசல் ஜெனரேட்டரை ஓட்டி, லாபத்தை எல்லாம் புகையாக விட்டவர்கள் நாங்கள். இரண்டு நூற்றாண்டுகளாக நிலக்கரியை எரித்து வளர்ந்தவர்கள் இன்று என் உலையின் எண்ணெயை அளந்து காட்டு என்று கேட்பது எந்த வகையில் முறை? 2070இல் நிகர பூஜ்ஜியம் என்று நம் அரசு அறிவித்திருக்கும் இலக்குக்கும் என்னைப் போன்ற சிறிய பட்டறைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில்: ஆற்றல் தணிக்கையாளர், கிண்டி

ஐயா, முதல் கேள்விக்கு நேரடியான பதில், சரியில்லை என்பதுதான். சூரியத் தகடு உங்கள் மின்கட்டணத்தைக் குறைக்கும். ஆனால் இந்தப் படிவத்தில் நீங்கள் காட்ட வேண்டிய எண்ணை அது பெரும்பாலும் அசைக்காது. நீங்கள் எதிர்கொள்வது கார்பன் எல்லை வரி என்று நம் பத்திரிகைகள் எழுதும் ஏற்பாடு; இறக்குமதியாகும் பொருளைச் செய்யும்போது வெளியேறிய கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் வசூலிப்பது. 2023 அக்டோபர் 1 முதல் 2025 இறுதி வரை அறிக்கை மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரி முதல் நாளிலிருந்து பணக்கணக்கும் தொடங்கிவிட்டது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை இதில் வருகின்றன. போல்ட்டும் நட்டும் எஃகுப் பொருள்களின் வரிசையில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. சிமென்ட்டுக்கும் உரத்துக்கும் வாங்கிய மின்சாரத்தின் உமிழ்வையும் சேர்த்து வசூலிக்கும் அந்த விதிகள், எஃகுக்குத் தற்போது நேரடி உமிழ்வை, அதாவது உற்பத்தி நடக்கும் இடத்திலேயே வெளியேறுவதை மட்டுமே வசூலுக்கு எடுத்துக்கொள்கின்றன. எனவே உங்கள் தலையடிக்கும் இயந்திரம் அனல் மின்சாரத்தில் ஓடினாலும் சூரிய மின்சாரத்தில் ஓடினாலும் அந்தக் கணக்கில் வேறுபாடு இல்லை.

அப்படியானால் எந்த எண் முக்கியம்? உங்கள் ஹீட் ட்ரீட்மென்ட் உலையில் எரியும் எண்ணெயோ எரிவாயுவோ ஒரு பகுதி. டீசல் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கணக்கிடலாம். கொள்முதல் பில்களை ஓராண்டுக்கு அடுக்கினாலே இந்தப் பகுதி முடிந்துவிடும். ஆனால் உங்கள் போல்ட்டின் சுமையில் பெரும்பங்கு உங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே வயர் ராடில் ஏறிவிட்டது. இந்தியாவில் ஒரு டன் கச்சா எஃகு செய்யச் சராசரியாக 2.5 டன் அளவு கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. நிலக்கரியைக் கொண்டு தாதுவை உருக்குவதே அதற்குக் காரணம். பழைய இரும்பை மின் உலையில் உருக்கினால் நேரடி உமிழ்வு அரை டன்னுக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஆலோசகரிடம் அல்ல, உங்கள் வயர் ராடு எந்த ஆலையில், எந்த வழியில் உருகி வந்தது என்று உங்கள் விற்பனையாளரிடம்தான். ஆலை தன் எண்ணைத் தராவிட்டால் அந்தப் பகுதிக்கு மட்டுமாவது ஐரோப்பியர் வைத்த மதிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இங்கே எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டில் 2.5 விழுக்காடு மட்டுமே வசூல், முழு வசூல் 2034இல்தான் என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. ஐரோப்பிய ஆலைகள் தாங்கள் வெளியிடும் கார்பனுக்கு உரிமம் வாங்க வேண்டும்; அவற்றில் இதுவரை இலவசமாகக் கொடுத்துவந்த உரிமங்களை 2026 தொடங்கி 2034 வரை படிப்படியாக நிறுத்துகிறார்கள். அதே அளவுக்கு இறக்குமதிக்கும் சலுகை குறைகிறது. ஆனால் அந்தச் சலுகை உங்கள் உமிழ்வில் ஒரு விகிதமாகக் கணக்கிடப்படுவதில்லை. அந்தப் பொருளுக்கு அவர்கள் வைத்திருக்கும் ஓர் அளவுகோலின்படி கழிக்கப்படுகிறது. அளவுகோலுக்கு மேல் நிற்கும் உமிழ்வுக்கு முதல் ஆண்டிலிருந்தே முழுப் பணம் கட்ட வேண்டும். நம் ஊர் எஃகு அந்த அளவுகோலைவிட மேலே நிற்பது வழக்கம் என்பதால் 2.5 விழுக்காடு என்ற ஆறுதலை நம்பி விலை பேசாதீர்கள்.

இரண்டு நல்ல செய்திகளும் உண்டு. பணம் கட்டுபவர் நீங்கள் அல்ல, இறக்குமதி செய்பவர். அவர் பணம் கட்டுவது உமிழ்வுக்கு ஈடான சான்றுகளை வாங்குவதன் மூலம்; 2026ஆம் ஆண்டின் சரக்குக்கு அவற்றின் விற்பனை தொடங்குவது 2027 பிப்ரவரியில். அந்த இறக்குமதியாளர் ஓராண்டில் கொண்டுவரும் இவ்வகைப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து 50 டன்னைத் தாண்டாவிட்டால் அவருக்கு விலக்கு கிடைக்கும். உங்கள் வாடிக்கையாளர் படிவம் அனுப்பியிருப்பதைப் பார்த்தால் அவர் அதற்கு மேல் வாங்குபவர் என்றே தோன்றுகிறது. 2026 முதல் நீங்கள் தரும் எண்ணை அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முப்பத்திரண்டு பேர் வேலை செய்யும் இடத்துக்கு அந்தச் செலவுதான் வரியைவிட முதலில் வலிக்கும் என்பது என் கணிப்பு.

பதில்: பொருளியல் ஆசிரியர்

நியாயம் பற்றிய கேள்விக்கு மட்டும் சில வரிகள். உங்கள் கோபத்துக்குச் சட்ட வடிவம் ஏற்கெனவே உண்டு. 1972இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி வறுமையையும் சூழல் சீர்கேட்டையும் பிரித்துப் பேச முடியாது என்று வாதிட்டார். 1992இல் ரியோவில் கையெழுத்தான பருவநிலை உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவு, பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் அல்ல என்ற கொள்கையை எழுதி வைத்தது. உலக மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் வாழும் இந்தியா, 1850 முதல் இன்றுவரை சேர்ந்த உமிழ்வில் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவான பங்கே கொண்டது. கார்பன் எல்லை வரி அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. வசூலாகும் பணமும் ஐரோப்பியக் கருவூலத்துக்கே போகிறது. நம் ஆலைகள் மாறுவதற்கு அதிலிருந்து ஒரு காசும் உறுதியாகத் திரும்பி வருவதில்லை. 2009இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் வாக்களித்தன. குறித்த 2020ஆம் ஆண்டில் அது நிறைவேறவில்லை. 2024இல் பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். 2035க்குள் 30,000 கோடி என்று முடித்தபோது இந்தியப் பிரதிநிதி அதே மேடையில் எதிர்ப்பைப் பதிவு செய்தார்.

ஆனால் இந்த வாதத்தை வைத்துக்கொண்டு நாம் சும்மா இருந்ததற்கும் விலை கொடுக்கிறோம் என்பதை மறைக்க மாட்டேன். ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ள ஐரோப்பிய விதியில் இடம் இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்று இருந்தது. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கி, தூய ஆற்றல் நிதி என்ற பெயரில் சேர்த்து, 2016இல் 400 ரூபாய் வரை உயர்த்தினோம். 2017இல் அதை, ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு ஏற்படும் வருவாய் இழப்பை ஈடுகட்டத் திருப்பிவிட்டோம். 2025 செப்டம்பரில் அந்தத் தீர்வையை நீக்கி, நிலக்கரி மீதான ஜிஎஸ்டியை 5லிருந்து 18 விழுக்காடாக்கினோம். எதற்காகப் பிறந்ததோ அதற்காக அது முழுமையாக என்றுமே செலவாகவில்லை. ஆலைகள் உமிழ்வுச் சான்றுகளை வாங்கி விற்கும் உள்நாட்டுக் கார்பன் சந்தைக்கான திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. எஃகு முழுமையாக அதற்குள் வந்து, அங்கே கட்டும் விலையை ஐரோப்பா ஏற்றுக்கொண்டால், பணமாவது இந்த நாட்டுக்குள் நிற்கும்.

பதில்: மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்

கிண்டி நண்பர் சூரியத் தகட்டைப் பற்றிச் சொன்னது ஐரோப்பியப் படிவத்துக்குச் சரி. பட்டறைக்குச் சரி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தம்பி, 2012இன் மின்வெட்டை நீங்கள் குறிப்பிட்டீர்கள். அந்தக் காலத்தில் தாக்குப்பிடித்தவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைக்காரர்கள் ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் சொந்தக் காற்றாலை நிறுத்தி வைத்திருந்தார்கள். புவி வெப்பமாகிறது என்ற கவலையில் அவர்கள் அதைச் செய்யவில்லை. மின்சாரம் விலை உயர்ந்தது, தேய்மானக் கழிவில் வருமான வரி குறைந்தது, அவ்வளவுதான். 1986இல் தூத்துக்குடிக் கடற்கரையில் 55 கிலோவாட் இயந்திரங்களை வைத்துச் சோதனை பார்த்த மாநிலம் இன்று 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைத் திறன் கொண்டிருப்பதன் பின்னால் இருப்பது இப்படிப்பட்ட கணக்குப்பிள்ளைத்தனம்தான். வளரும் நாட்டின் பருவநிலைக் கொள்கை என்று ஒன்று வெற்றி பெற்றிருக்கிறது என்றால், அது பெரும்பாலும் வேறு ஒரு காரணத்துக்காகச் செய்யப்பட்டதாகவே இருந்திருக்கிறது.

தனியாக ஒரு காற்றாலை வைக்க உங்களால் முடியாது. ஆனால் 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி பலர் சேர்ந்து ஒரு நிலையத்தில் குறைந்தது 26 விழுக்காடு பங்கு வைத்து, அதன் மின்சாரத்தில் 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் தாங்களே பயன்படுத்தினால் அது சொந்த உற்பத்தியாகக் கருதப்படும். உயர் அழுத்த இணைப்பு உள்ள பட்டறைகள் சேர்ந்து இப்படிச் செய்வது அம்பத்தூருக்குப் புதிதும் அல்ல.

இலக்கு பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2030க்குள் நிறுவு திறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் அல்லாததாக இருக்க வேண்டும் என்று சொன்ன இந்தியா, 2025 ஜூன் மாதத்திலேயே அதை எட்டிவிட்டது. அது உண்மை, பெருமைக்குரியதும்கூட. ஆனால் நிறுவு திறன் என்பது அடுக்களையில் உள்ள பாத்திரங்களின் எண்ணிக்கையைப் போன்றது. அன்றைக்கு எதில் சோறு வெந்தது என்பது வேறு கணக்கு. உற்பத்தியாகும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு அளவு இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, எங்கள் கட்டுப்பாட்டு அறையில் வியர்த்துக் கொட்டும். தெற்கே காற்று அள்ளிக் கொடுக்கும். வடக்கே அனல் நிலையத்தை ஓரளவுக்கு மேல் இறக்க முடியாது. காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு போகும். அவர்கள் வழக்குக்குப் போவார்கள். கார்த்திகை மாலையில் காற்றும் இராது, வெயிலும் இராது.

இதற்கு மருந்து சேமிப்பு. 1980களின் இறுதியில் கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் கீழே விட்ட நீரை மீண்டும் மேலே ஏற்றும் 400 மெகாவாட் நிலையம் ஒன்றைக் கட்டினோம். அதன் பிறகு இத்தனை ஆண்டுகளில் நம் மாநிலத்தில் அதைப் போல இன்னொன்று முடியவில்லை. நீலகிரியில் குந்தா 500 மெகாவாட் திட்டம் இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. தகடும் காற்றாலையும் திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கும். சேமிப்பு நிலையத்தையும் மின்தொடர் பாதையையும் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

பதில்: எண்ணூர்ப் பள்ளி ஆசிரியை

இங்கே எல்லோரும் படிக்கும் படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எஃகுக்கு மின்சாரத்தின் உமிழ்வைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று கிண்டியிலிருந்து எழுதியவர் சொன்னார். எடுத்தாலும் அது ஆகாயத்துக்குப் போகும் கார்பனின் கணக்காகவே இருக்கும். அம்பத்தூர்ப் பட்டறைகளுக்கு மின்சாரம் தந்த அனல் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் எவ்வளவு இறங்கியது என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. அந்தக் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் பிள்ளைகள் என் வகுப்பில் படிக்கிறார்கள். சில இடங்களில் காலுக்குக் கீழே சேறு இல்லை, சாம்பல்தான் இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். நானும் இறங்கிப் பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் பட்டறையில் தண்ணீர் புகுந்த அதே நாள்களில் எங்கள் கழிமுகத்துக்கு எண்ணெய் வந்தது. வலையும் படகும் கறுத்துப்போன பிள்ளைகள் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை.

இந்தியரின் சராசரி 2 டன் என்ற எண்ணை நானும் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் அந்தச் சராசரிக்குள் அறைக்கு அறை ஏசி ஓடும் அடையாறு வீடும் இருக்கிறது, எங்கள் குப்பத்தின் ஒற்றை விளக்கு வீடும் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் குறைவாக எரிப்பதால்தான் நாட்டின் எண் சிறியதாகத் தெரிகிறது. அந்தச் சிறிய எண்ணைக் காட்டித்தான் இன்னொரு அனல் நிலையம் வேண்டும் என்று வாதிடுகிறார்கள். அந்த நிலையம் மறுபடியும் எங்கள் ஊருக்கே வருகிறது. உலகத்தைப் பார்த்து ஐரோப்பாவிடம் நாம் கேட்கும் அதே கேள்வியை எண்ணூர் சென்னையிடம் கேட்டால் அதற்கும் பதில் வேண்டுமல்லவா? 2023இல் வெளியான சென்னைப் பருவநிலைச் செயல்திட்டம் 2050க்குள் கார்பன் சமநிலை என்கிறது. அதுவரை சாம்பல் குழாய் உடையாமல் இருக்குமா என்பதே எங்கள் தெருவில் கேட்கப்படும் கேள்வி.

ஐயா, உங்கள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. என் மாணவர்களில் நான்கு பேர் இன்று அம்பத்தூரில்தான் வேலை செய்கிறார்கள்.

பதில்: மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்

அம்மா, நான் பணியில் இருந்த காலத்தில் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து குழாயில் தள்ளுவதுதான் மலிவான வழி என்று கருதினோம். உலர் சாம்பலாக எடுத்துச் சிமென்ட் ஆலைக்கும் செங்கல்லுக்கும் கொடுக்கலாம் என்பது தெரியாமல் அல்ல. ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையில் ஆற்றின் விலை சேர்க்கப்படவில்லை. 450 மெகாவாட் எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டபோது எங்கள் ஊழியர்களுக்கு வேறு இடத்தில் பணி கிடைத்தது. ஆற்றுக்கு என்ன கிடைத்தது என்று நாங்கள் யாரும் அன்று கேட்கவில்லை. இதை மறுத்து எழுத என்னிடம் எதுவும் இல்லை.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள்கள் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உலையின் எரிபொருள் பில்களை என் மகள் ஒரே மாலையில் தொகுத்துவிட்டாள். அது நான் பயந்த அளவுக்குப் பெரிய எண் இல்லை. வயர் ராடு விற்பனையாளரிடம் கேட்டேன். ஆலைச் சான்றிதழில் எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பர் இருக்கிறது, ரசாயனக் கலவை இருக்கிறது, இழுவிசை இருக்கிறது, நீங்கள் கேட்கும் எண் மட்டும் இல்லை என்கிறார். ஒரு டன்னுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாக உமிழும் எஃகைப் பசுமை எஃகு என்று வகைப்படுத்தி, நட்சத்திரத் தரம் கொடுக்கும் முறையை மத்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் வெளியிட்டிருப்பதை அவரிடம் சொன்னேன். அதுவரை அவர் அதைக் கேள்விப்பட்டதில்லை. நானும் அதை முந்தைய நாள் இரவுதான் படித்திருந்தேன்.

பழைய இரும்பில் உருகிய கம்பியை வாங்கலாமே என்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் விசாரித்தேன். கட்டடக் கம்பிக்கு அது சரி. என் இயந்திரத்தில் குளிர்நிலையில் தலை அடித்துப் பார்த்தால் பத்தில் இரண்டு ஓரத்தில் வெடிக்கிறது. போல்ட்டுக்கு ஏற்ற சுத்தத்தில் மின் உலை எஃகு தரும் ஆலைகள் உண்டு என்கிறார்கள். ஆனால் அவர்கள் கேட்கும் குறைந்தபட்சக் கொள்முதல் எனக்கு ஆறு மாதச் சரக்கு.

ஆசிரியை எழுதியதை மதிய உணவு நேரத்தில் பட்டறையில் படித்துக் காட்டினேன். எண்ணூரிலிருந்து வரும் பையன் ஒருவன் இருக்கிறான், அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான், ஒன்றும் சொல்லவில்லை. சூரியத் தகட்டு முன்பணத்தைத் திரும்பக் கேட்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன், பாதிக் கூரைக்கு மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன்; அது மின்கட்டணத்துக்காக, ஐரோப்பாவுக்காக அல்ல.

இப்போது என் வேண்டுகோள் ஒன்றுதான். அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ ஐரோப்பாவுக்கு போல்ட், நட் அனுப்பும் பட்டறைகள் நான்கைந்து சேர்ந்தால், அந்த மின் உலை ஆலையிடம் ஒரே கொள்முதலாகப் பேசலாம், அவர்களுடைய உமிழ்வு எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்கலாம். தனித்தனியாகப் போனால் வாயிற்காவலரைத் தாண்டி உள்ளே விட மாட்டார்கள். சரிபார்ப்பாளரையும் ஒரே வாரத்தில் எல்லாப் பட்டறைகளுக்கும் வரச் சொன்னால் அவருடைய பயணச் செலவாவது பங்காகும். விருப்பம் உள்ளவர்கள் இதே இழையில் தெரிவியுங்கள். மாதத்துக்கு எத்தனை டன், எந்த விட்டத்தில் வயர் ராடு வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு 8 மில்லிமீட்டரும் 12 மில்லிமீட்டரும்.